வலையமைப்புத் தேக்ககம்: நேரமுடிவும் வழு மீட்பும்

மாணவர்களே, பணிசெயல் முறைமை என்ற அலகில் சாதனச் செலுத்தியைப் படித்தீர்கள். வலையமைப்பு அலகில் பொதிகள் தொலைந்துபோவதையும் பிந்தி வருவதையும் படித்தீர்கள். இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடமே இப்பாடம். தனித்தனியாக மனனம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. ஆகவே படிப்படியாக நோக்குவோம்.

1. பிரச்சினை யாது?

கணினியின் உள்ளே பொருத்தப்பட்ட வன்தட்டு குறுகிய வடமொன்றினால் இணைக்கப்பட்டுள்ளது. வலையமைப்புத் தேக்ககம் அவ்வாறன்று. வன்தட்டு வேறோர் அறையில், வேறொரு சேவையகத்தில் இருக்கும். இடையே வடங்களும் ஆளிகளும் உள்ளன. இதற்கெனப் பயன்படும் நெறிமுறைகளுள் இரண்டை அறிந்திருத்தல் போதுமானது.

(அ) ஐஸ்கஸி: வன்தட்டுக்குரிய ஸ்கஸி கட்டளைகளை ரி.சி.பி. இணைப்பின் மூலம் அனுப்புவது. 2004இல் நியமமாக வெளியிடப்பட்டு, 2014இல் திருத்தி எழுதப்பட்டது.
(ஆ) என்.எவ்.எஸ்.: கோப்புகளை வலையமைப்பின் ஊடாகப் பகிர்வது.

செலுத்தி “இதை எழுது” என்று கட்டளை அனுப்புகிறது. விடை வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? அந்த எல்லையே ரைம் அவுட் எனப்படும் நேரமுடிவு ஆகும். லினக்ஸில் ஸ்கஸி வன்தட்டுக் கட்டளை ஒன்றுக்கு வழமையாக 30 செக்கன் வழங்கப்படும்.

2. நேரமுடிவின் பொருள்

பெரும்பாலான மாணவர் விடும் தவறு இங்கேதான் உள்ளது. “நேரமுடிவு என்றால் கட்டளை தோல்வியடைந்தது” என எழுதுகின்றனர். இது பிழை. பின்வரும் மூன்றில் எதுவும் நடந்திருக்கலாம்.

(i) கட்டளை போய்ச் சேரவேயில்லை.
(ii) கட்டளை சேர்ந்தது, வேலையும் முடிந்தது, விடை மட்டும் வரவில்லை.
(iii) கட்டளை வழியிலோ சேவையகத்திலோ தேங்கி நிற்கிறது. இனிமேல்தான் நிறைவேறப் போகிறது.

செலுத்தியால் இம்மூன்றையும் வேறுபிரித்தறிய முடியாது. ஆகவே நேரமுடிவு என்பது “நடக்கவில்லை” என்பதன்று; “தெரியவில்லை” என்பதே. இப்பாடத்தின் உயிர்நாடி இதுவாகும்.

3. மீண்டும் அனுப்பினால் என்ன?

கடைக்குத் தொலைபேசியில் “இரண்டு மூட்டை அரிசி அனுப்புங்கள்” என்று சொல்லும்போது தொடர்பு அறுந்தது எனக் கொள்வோம். மீண்டும் எடுத்து அதையே சொன்னால் நான்கு மூட்டை வந்து இறங்கலாம். ஆனால் “கடைக் கதவைப் பூட்டுங்கள்” என்று இருமுறை சொன்னாலும் கெடுதி இல்லை.

வன்தட்டின் குறித்த இடத்தில் குறித்த தரவை எழுதுதல் இரண்டாவது வகை. கோப்பை அழித்தல் அப்படியன்று. முதன்முறையே கோப்பு அழிந்து விடை மட்டும் தொலைந்திருந்தால், இரண்டாம் முறை “அப்படியொரு கோப்பு இல்லை” என்ற வழுச்செய்தி வரும். இதனைத் தவிர்ப்பதற்காக என்.எவ்.எஸ். இல் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. சேவையகம் அண்மைய வேண்டுகோள்களின் விடைகளை நினைவில் வைத்திருக்கும். அதே எண் மீண்டும் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாது பழைய விடையையே அனுப்பும்.

4. பிந்தி வந்த கட்டளை

எழுதும் கட்டளை எப்போதும் ஆபத்தற்றதா? பின்வரும் நிகழ்வு ஒழுங்கைக் கவனிக்க. சேவையகத்திற்கு இரண்டு பாதைகள் உள்ளன எனக் கொள்க.

படி 1: ஒரு மாணவியின் புள்ளி 45 என எழுதும் கட்டளை முதற் பாதையில் அனுப்பப்பட்டுத் தேங்குகிறது.
படி 2: 30 செக்கன் கழிகிறது. செலுத்தி அதே கட்டளையை இரண்டாம் பாதையில் அனுப்புகிறது. வெற்றி.
படி 3: மீள்திருத்தத்தின் பின் புள்ளி 54 என எழுதப்படுகிறது. வெற்றி.
படி 4: படி 1இல் தேங்கிய பழைய கட்டளை இப்போது நிறைவேறுகிறது. புள்ளி மீண்டும் 45 ஆகிறது.

எந்த வழுச்செய்தியும் இல்லை. வன்தட்டில் பழுதும் இல்லை. ஆனால் மாணவிக்கு 9 புள்ளி போய்விட்டது. ஆகவே விதி: பழைய கட்டளை இறந்துவிட்டது என்பதை உறுதிப்படுத்தாமல் புதியதை அனுப்பலாகாது.

5. வழு மீட்பின் படிமுறை

லினக்ஸின் ஸ்கஸி பகுதி சிறிய நடவடிக்கையில் தொடங்கிப் பெரியதற்குச் செல்லும்.

(1) அந்தக் கட்டளையை மட்டும் இரத்துச் செய்தல்
(2) அந்த வன்தட்டை மீளமைத்தல்
(3) அது அமைந்துள்ள இலக்குச் சாதனத்தை மீளமைத்தல்
(4) கணினிப் பக்கத்து இணைப்பை மீளமைத்தல்
(5) எதுவும் பயன்தராவிடின் வன்தட்டைச் சேவையிலிருந்து நீக்குதல்

ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பக்கத்தின் உறுதிப்படுத்தல் தேவை. மேலே செல்லச் செல்ல மற்றைய கட்டளைகளும் பாதிக்கப்படும் என்பதால் எடுத்த எடுப்பில் பெரிய படிக்குச் செல்வதில்லை. ஐஸ்கஸியில் இணைப்பே அறுந்தால் அதே பெயரில் மீண்டும் அமர்வு தொடங்கப்படும். அப்போது பழைய அமர்வின் கட்டளைகள் யாவும் இலக்கினால் முடிவுறுத்தப்படும்.

6. எவ்வளவு நேரம் வைப்பது?

நேரமுடிவு மிகக் குறுகியதாயின், மெதுவாக இயங்கும் நல்ல சேவையகமும் பழுதானதாகக் கருதப்படும். மீளனுப்பல் பெருகி அதன் சுமை மேலும் கூடும். மிக நீண்டதாயின் பயனர் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

லினக்ஸின் ஐஸ்கஸி மென்பொருளில் வழமையாக 5 செக்கனுக்கு ஒரு முறை வெறும் நலம் விசாரிக்கும் செய்தி அனுப்பப்படும். 5 செக்கனுள் விடை வராவிடின் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். பின் மீளிணைய 120 செக்கன் வரை காத்திருந்து, அதன் பின்னரே வழு மேலே அறிவிக்கப்படும். இரண்டு பாதைகள் இருப்பின் இதனை 15 செக்கன் போலக் குறைக்கலாம். ஏனெனில் மற்றப் பாதை தயாராக உள்ளது.

என்.எவ்.எஸ். இல் இரு தெரிவுகள் உண்டு. வன் இணைப்பு, விடை வரும்வரை முயன்றுகொண்டே இருக்கும். மென் இணைப்பு, குறித்த முயற்சிகளின் பின் செய்நிரலுக்கு வழுவைத் திருப்பும். அந்த வழுவைக் கவனியாத செய்நிரல், எழுதப்படாத தரவை எழுதியதாக எண்ணித் தொடரும்.

மாதிரி வினாக்கள்

வினா 1: நேரமுடிவு ஏற்பட்டதும் கட்டளை தோல்வி எனக் கொள்ளல் ஏன் தவறு?
விடை: வேலை முடிந்து விடை மட்டும் தொலைந்திருக்கலாம், அல்லது கட்டளை இன்னும் தேங்கி நின்று பின்னர் நிறைவேறலாம்.

வினா 2: பாடசாலைப் புள்ளிப் பதிவேடு என்.எவ்.எஸ். சேவையகத்தில் உள்ளது. எந்த இணைப்பு பொருத்தமானது? காரணம் தருக.
விடை: வன் இணைப்பு. சேவையகம் மீளும்வரை காத்திருக்க நேர்ந்தாலும் தரவு அறியாமல் இழக்கப்படும் ஆபத்துக் குறைவு.

வினா 3: மீளனுப்ப முன் செலுத்தி செய்ய வேண்டியது யாது?
விடை: பழைய கட்டளையை இரத்துச் செய்து, இரத்தானதை உறுதிப்படுத்தல். உறுதி கிடைக்காவிடின் அடுத்த மீளமைப்புப் படிக்குச் செல்லல்.

மனங்கொள்க: காத்திருப்பதற்கு எல்லை வை, விடை வராததைத் தோல்வி என எண்ணாதே, பழையதை முடித்த பின்பே புதியதை அனுப்பு, மீட்க முடியாதபோது வழுவை மறைக்காமல் மேலே அறிவி. இந்நான்கையும் உதாரணத்துடன் எழுதினால் விடை முழுமை பெறும்.