வெள்ளிக்கிழமை விரதம்

அன்புள்ள மகளே,

போன ஞாயிறு அருவியில் குளித்துவிட்டு நீயும் நானும் துணி பிழிந்துகொண்டு நின்றோம். மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்கா பக்கம் போன தக்கம் பார்த்து, "பெரியம்மை, ஒரு காரியம்" என்று தொடங்கினாய். பாதியில் விழுங்கிவிட்டாய். தண்ணீர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது. நர்ஸ் வேலையில் முப்பது வருஷம் வீடு வீடாக நடந்தவள் நான். இந்த "ஒரு காரியத்தை" எத்தனை திண்ணையில் கேட்டிருப்பேன்!

பிரசவத்துக்குப் பிறகு சேரும்போது வலிக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாயையும் சேர்த்துக்கொண்டாய். இதுதானே?

இந்த வித்தை நீ கண்டுபிடித்தது இல்லை. நம் ஊர்ப் பெண்கள் "வேண்டாம்" என்பதைச் சாமி வாயால்தான் சொல்ல வைப்பார்கள். சிவராத்திரிக்கு ஆண்கள் விசிறியும் கையுமாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறார்களே, பன்னிரண்டு சிவன் கோயிலில் நம் திற்பரப்பு மகாதேவர் கோயில் மூன்றாவது. அவர்கள் விரதம் இருக்கிற நாளில்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சாமி பெயரைச் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் உனக்கு வலிக்கிறது என்ற சேதி மாப்பிள்ளைக்குப் போய்ச் சேராது. மருமகளுக்குப் பக்தி கூடிவிட்டது என்று மாமியாருக்குத்தான் சந்தோஷம்.

என் கதையைக் கேள். உன் பெரியப்பா ரப்பர் பால் வெட்டுகிற ஆள். விடியுமுன் மூன்று மணிக்கு எழும்புவார், ராத்திரி எட்டுக்கே கண் சொருகிவிடும். என்னைப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் நடந்து அலுத்து வருகிறேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் நினைத்துக்கொண்டார். நாலு வருஷம் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம். ஒரு லீவு நாளில் அவர் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனேன். தலைவிளக்கின் வெளிச்சம் மரப்பட்டையில் மட்டும் விழும், முகம் தெரியாது. அந்த இருட்டில்தான் கேட்டேன். அவர் பேசாமல் சிரட்டையைச் சரி பண்ணிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். மூன்று மரம் வெட்டின பிறகு பதில் வந்தது.

அதனால் கட்டிலில் வைத்துப் பேசாதே. கை வேறு வேலையில் இருக்கும்போது பேசு.

என்ன வார்த்தையில் பேச என்று கேட்பாய். ஒரு பக்கம் தெருச்சண்டைக் கெட்ட வார்த்தை, மறுபக்கம் பாடப்புத்தகத் தமிழ். இரண்டுக்கும் நடுவில் நமக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா? புனிதமா?' என்ற பாலியல் நிகழ்ச்சியை நடத்தின காலத்தில், சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோமே தவிர, ஒருவருக்கொருவர் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. காமத்துப்பாலில் 250 குறள் இருக்கிறது. 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பள்ளியில் குறளைக் கற்பிக்கச் சொன்னபோதும் அறத்துப்பாலும் பொருட்பாலும்தான். வள்ளுவர் காமத்துப்பாலில் குறிப்பறிதல் என்று ஓர் அதிகாரம் எழுதினார், அது போதாதென்று குறிப்பறிவுறுத்தல் என்று இன்னொன்றும் எழுதினார். அறிவது மாப்பிள்ளை பாடு, அறிவிப்பது உன் பாடு.

"வேண்டாம்" என்று மொட்டையாக நிறுத்தாதே. "இன்னைக்கு வலிக்குது, சும்மா சேர்ந்து கிடந்தா போதும்" என்று சொல்லிப் பார். பால் கொடுக்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும், உள்ளே வறட்சி வரும். வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவர்மேல் உனக்கு ஆசை விட்டுப்போனதாக அர்த்தமில்லை. லேடி டாக்டரைப் பார், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

சொன்ன பிறகும் ஒருவன் வலுக்கட்டாயம் செய்தால் அது வேறு காரியம். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். மாப்பிள்ளை அந்த ரகம் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தையைத் தோளில் போட்ட விதம் பார்த்தேனே.

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளிக்காதே. அவர் ரேசர் வைக்கிற தட்டில் வை.

உன் பெரியம்மை,
திற்பரப்பு