தொலைக்கணினித் தொடர்பும் அதன் தடைகளும்

தொலைவிலுள்ள சேவையகக் கணினியை நம் மேசையிலிருந்தே இயக்க உதவுவது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் என்னும் முறை. அத்தொடர்பு தடைப்படுமாயின், தடை எவ்விடத்தது என முதலில் ஆராய்தல் வேண்டும்.

சேவையகத்தை அணுகவே இயலாவிடின், அஃது இயங்குகின்றதா, அதன் பெயர் உரிய முகவரியைச் சுட்டுகின்றதா, தொலைத்தொடர்புக்கு இசைவு அளிக்கப்பட்டுளதா, 3389 ஆம் இலக்கத் துறையைத் தீச்சுவர் அடைத்துளதா என முறையே நோக்குக. வாயில்வரை சென்றபின் அனுமதி மறுக்கப்படின், குற்றம் வழியிலன்று. கடவுச்சொல்லிலோ பயனரின் உரிமையிலோ இருத்தல் கூடும். நிருவாகப் பணிக்கு ஒரே வேளையில் இருவரே இணையலாம். அதற்கு மேற்பட்டோர்க்குத் தனி உரிமம் வேண்டும். உரிமமின்றி அளிக்கப்படும் 120 நாட் சலுகை கழிந்தால், நேற்று இசைந்த தொடர்பு இன்று மறுக்கப்படும்.

2018 மே மாதத்தில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட காப்புத் திருத்தத்தைப் பெற்ற கணினிகள், அதனைப் பெறாத சேவையகங்களோடு இணைய மறுத்தன. காப்பினைத் தளர்த்தி இணைதலும் இயலும். ஆயின் சேவையகத்தையும் திருத்துவதே தக்க வழி. 2019 இல் வெளிப்பட்ட புளூகீப் என்னும் குறை, பழைய விண்டோஸ் கணினிகளுட் கடவுச்சொல்லின்றியே பகைவர் புக இடந்தந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மாணவர்காள்! பூட்டுத் திறக்கவில்லையென்று கதவையே பெயர்த்தெறிவார் உளரோ? திறவுகோலைத் தேடுதலே அறிவுடைமை என்பது நம் துணிபு.