பதவியும் பருவமும்

கொள்ளிடத்தின் வடபால், வயல்கள் சூழ அமைந்த ஊர் தா. பழூர். அரியலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றற்கு அது தலைமையிடம் ஆகும். அவ்வொன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் ஊராட்சித் தலைவராக நிற்க விரும்புவோர்க்கு 21 அகவை நிறைந்திருத்தல் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் விதி. இத்தனை வயதிற்கு மேற்பட்டோர் நிற்றல் ஆகாது என்னும் விதியோ அச்சட்டத்தில் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தர் 60 அகவையில் ஓய்வு பெற்று வீடு திரும்புகிறார். அவ்வலுவலகத்தின் கூட்ட அறையில் அமர்ந்து முடிவு செய்யும் உறுப்பினர் 80 அகவையிலும் அமர்ந்திருக்கலாம். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இதுவே நிலை. உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்சநீதிமன்ற நீதிபதிக்கு 65 என எல்லை வகுத்த அரசியலமைப்பு, மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மேல் எல்லை எதனையும் வகுக்கவில்லை.

மக்கள் வாக்கே போதிய எல்லை என்று அரசியலமைப்பை வகுத்தோர் கருதினர் எனலாம். வேண்டாதாரை வாக்காளர் விலக்கிவிடுவர் அன்றோ? ஆயினும், வாக்காளர் முன் யாரை நிறுத்துவது என்பதைக் கட்சியின் மூத்தோரே முடிவு செய்யுங்கால், இளையோர் பெயர் வாக்குச் சீட்டில் ஏறுவதே அரிதாகிவிடுகின்றது. ஆகவே, முதியோர் தாமே விலகி வழிவிடல் வேண்டுமா என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுகின்றது. இவ்வினா தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

தா. பழூர் வட்டாரத்தை அடுத்தே கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. அந்நகரை அமைத்த முதலாம் இராசேந்திரன் முடியரசன், தேர்தலை அறியாதவன். எனினும், பதவியைக் கைமாற்றும் முறையை அவன் நன்கறிந்திருந்தான். அவன் தந்தை இராசராசன், தான் உயிரோடிருக்கும்பொழுதே, 1012இல், அவனைத் துணையரசனாக்கினான். இராசேந்திரனும் 1018இல் தன் மகன் இராசாதிராசனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டி, 1044 வரை ஏறத்தாழ 26 ஆண்டுகள் அவனை உடன் வைத்துக்கொண்டு ஆண்டான். மூத்தவன் மறைந்த நாளில் இளையவன் ஆட்சிக்குப் புதியவனாக இருக்கவில்லை. முடியாட்சிக்குப் பல குறைகள் உண்டு. இவ்வொன்றில் அது பல குடியாட்சிக் கட்சிகளினும் முன்யோசனை உடையதாயிருந்தது.

தேர்தலுக்கு நெருங்கிய சான்று வேண்டுவோர் உத்தரமேரூருக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டையும் மற்றொன்று 921ஆம் ஆண்டையும் சார்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். இதுவே குடவோலை முறை எனப்படும். நில உடைமையும் வேதக் கல்வியும் கொண்ட ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. பெண்டிர்க்கும் நிலமற்றோர்க்கும் இடமில்லை. ஆதலால் அதனை இக்கால மக்களாட்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், வயதைப் பற்றியும் முறைமாற்றத்தைப் பற்றியும் அச்சபையார் செய்த விதிகள் ஊன்றி நோக்கத்தக்கவை.

முதற் கல்வெட்டு 30 அகவைக்கு மேலும் 60 அகவைக்கு உள்ளும் இருப்போரே தகுதியுடையர் என்றது. இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தி, 35க்கு மேல் 70க்கு உள் என்று மாற்றினர். அறுபதில் கதவடைத்தல் மிகை என்றும், முப்பதில் கதவு திறத்தல் விரைவு என்றும் பட்டறிவால் உணர்ந்தனர் போலும். இவ்வயதெல்லையினும் கூரியதொரு விதியும் அங்கே உண்டு. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். வாரியப் பொறுப்போ 360 நாள்களே. அதாவது, இளைஞராயினும் முதியராயினும் ஒருவர் ஓராண்டு பணி செய்தபின் ஒதுங்கி நின்று பிறர்க்கு இடந்தரல் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் அறவே விலக்கப்பட்டனர். விலகுவதா வேண்டாவா என்பதை அங்கே எவர் மனத்திற்கும் விடவில்லை. விதியே அதனைச் செய்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய விதி இல்லை. விதி இல்லாதவிடத்துத் தலைவர் ஒருவர் தாமே விலகிய செய்தி, 1963இல் நாட்டையே வியப்பில் ஆழ்த்தியது.

காமராசர் 1903 சூலை 15ஆம் நாள் விருதுநகரிற் பிறந்தவர். 1954 ஏப்பிரல் முதல் சென்னை மாநில முதலமைச்சராக விளங்கினார். மூன்று தேர்தல்களைக் கண்ட காங்கிரசு அந்நாளில் தளர்ச்சியுற்றிருந்தது. 1962இல் சீனப் போரில் நேர்ந்த தோல்வி மக்கள் மனத்தை வருத்தியிருந்தது. 1963இல் அம்ரோகா, பரூக்காபாத், இராசகோட்டை ஆகிய மக்களவைத் தொகுதிகளின் இடைத்தேர்தல்களில் அக்கட்சி தோற்றது. பதவியிலிருக்கும் மூத்தோர் அதனைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்புதல் வேண்டும் என்று காமராசர் முன்மொழிந்தார். அது காமராசர் திட்டம் என்று பெயர் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் காங்கிரசு அதனை ஏற்றது. நடுவண் அமைச்சர் அறுவரும் மாநில முதலமைச்சர் அறுவரும் பதவி விலகினர். மொரார்சி தேசாய், இலால் பகதூர் சாத்திரி, செகசீவன் ராம் ஆகியோர் அவ்வமைச்சர்களுள் சிலர். முதலமைச்சர் அறுவருள் காமராசரும் ஒருவர். பிறர்க்குச் சொன்னதைத் தாமும் செய்தார் என்பதே அத்திட்டத்தின் வலிமை.

வேண்டாதாரை விலக்கப் பிரதமர் நேரு கைக்கொண்ட சூழ்ச்சி இது என்று அந்நாளிலேயே ஐயுற்றோரும் உளர். நேருவும் விலக முன்வந்தார். கட்சி அதற்கு இசையவில்லை. அப்பொழுது அவர்க்கு அகவை 73. அடுத்த சனவரியில், புவனேசுவரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டின்போது நோய்வாய்ப்பட்டார். 1964 மே 27ஆம் நாள் மறைந்தார். விலகக் கூடாது என்று எவரைத் தடுத்தனரோ அவரே முதலிற் பிரிந்தார். அவர்க்குப்பின் யார் என்னும் வினா அதுவரை வெளிப்படையாகத் தீர்க்கப்படாமலே இருந்தது. கட்சித் தலைவராயிருந்த காமராசரே மூத்தோர் பலரைக் கலந்து, சாத்திரியைப் பிரதமராக்கும் பணியைச் செய்ய நேர்ந்தது.

இனி, சென்னையில் நிகழ்ந்தது என்ன? 1963 அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டார். அப்பதவியை ஏற்றவர் பக்தவத்சலம். ஆண்ட பட்டறிவும் சட்ட அறிவும் மிக்கவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஆயின், 1897இல் பிறந்த அவர், காமராசரினும் ஆறாண்டு மூத்தவர். பதவியேற்ற ஒரு வாரத்தில் அவர்க்கு 66 அகவை நிறைந்தது. அறுபது வயதினர் விலகினார். அறுபத்தாறு வயதினர் அமர்ந்தார். அமைச்சரவையில் இருந்த ஆர். வெங்கட்ராமன் அந்நாளில் 52 வயதினர். விலகுதல் வேறு, வழிவிடுதல் வேறு என்பது ஈண்டுப் புலனாகும்.

முதுமை ஒன்றே குறையாகாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இராசகோபாலாச்சாரியார் 73ஆம் அகவையில், 1952இல், சென்னை மாநில முதலமைச்சரானார். இரண்டாண்டில் அப்பதவியை விட்டு நீங்கினார், ஆனால் ஓயவில்லை. 1959இல், 80 அகவையில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல், 83 அகவையில், அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். அவ்வுரையாடலுக்கு அவர்க்குப் பதவி எதுவும் தேவைப்படவில்லை. முதியோர் அறிவை நாடு இழக்கும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நாற்காலியை விட்டால் அறிவும் உடன் போய்விடுவதில்லை.

பக்தவத்சலம் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாடு மக்களை வாட்டியது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. அதில் முன்னின்றோர் கல்லூரி மாணவர். 1967 பொதுத் தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. முதலமைச்சரே திருப்பெரும்புதூரில் தோற்றார். விருதுநகரிலோ, அம்மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன், காமராசரையே 1,285 வாக்குகளில் வென்றார். காமராசர் விலகியிராவிடில் காங்கிரசு தோற்றிராது என்று கூறுவோர் உளர். விலகியது பிழையன்று, இளையோரை அருகில் வைத்துப் பழக்காமல் விலகியதே பிழை என்று கொள்ளுதல் பொருத்தமுடையது. ஆறு திசை மாறுவதற்குமுன் கால்வாயை வெட்டி வைத்தல் வேண்டும். கொள்ளிடக் கரையினர்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

தோல்விக்குப்பின்னும் காமராசர் பொதுவாழ்வை விட்டு நீங்கவில்லை. 1969இல் நாகர்கோயில் இடைத்தேர்தலில் நின்று மக்களவை உறுப்பினரானார். 1971இலும் அத்தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தனர். 1975 அக்டோபர் 2ஆம் நாள், முதலமைச்சர் பதவியைத் துறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த அன்று, அவர் சென்னையில் காலமானார். அன்றும் அவர் நாகர்கோயிலின் மக்களவை உறுப்பினராகவே இருந்தார்.