ஓ.பி. சீட்டில் உங்கள் வேலையை எழுதச் சொல்லுங்கள்

தோல் பதனிடும் டேனரியில் குரோம் டிரம்மில் வேலை பார்ப்பவர் கை அரிப்புக்கு ஆஸ்பத்திரி போகிறார். என்ன வேலை என்று டாக்டர் கேட்டால் ‘கூலி’ என்கிறார். களிம்பு கிடைக்கும், அந்தச் சீட்டை வைத்து வேறெதுவும் கேட்க முடியாது. எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், கையுறை உண்டா, லீவில் அரிப்பு குறைகிறதா என்பதையெல்லாம் சொல்லி எழுதி வாங்குங்கள். குரோமியத்தால் வரும் நோய்கள் ஈ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. சீட்டில் வேலை இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவாது.

தனி ஆளுக்குச் சீட்டு என்றால், ஊருக்கு உரிமை கேட்க ஊர்க் கணக்கு வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற பகுதியை மேடைதோறும் சொல்கிறோம். அதே தீர்ப்பில் எண்களும் இருக்கின்றன. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்றது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். இவை கிணற்றையும் மண்ணையும் எண்ணியவை. தொழிலாளியின் தோலையும் மூச்சையும் அதே கறாரோடு எண்ண வேண்டும்.

சங்கமோ மகளிர் குழுவோ கணக்கெடுக்கும்போது நோயாளி வீடுகளை மட்டும் தேடிப் போகாதீர்கள். தெருவில் ஒரு வீடு விடாமல் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். டேனரி தண்ணீர் எட்டாத ஊர் ஒன்றிலும் அதையே கேளுங்கள். ‘அரிப்பு எங்கேதான் இல்லை?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அப்போது அந்த இரண்டாவது ஊர்தான் பதில் சொல்லும். படிவத்தில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். அது மேஸ்திரி கண்ணில் பட்டால் வேலை போய்விடும். பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். வீட்டில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் கம்பெனிப் பதிவே கிடையாது. ஜோடிக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம், எங்கே வலி என்று அவர்களே நோட்டில் குறித்து வருவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் அதைப் பார்க்க முடியும். பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, தேதியும் கிணறும் குறித்து எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய சோதனை முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடி மனுக்கள் திருப்பத்தூர் கலெக்டருக்கு. பழக்கத்தில் வேலூருக்கு அனுப்பி நாளை வீணாக்காதீர்கள்.

டேனரி மாசால் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 2001-இல் ஈடு நிர்ணயமானது. பாக்கியை ஆறு வாரத்தில் கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று 30.1.2025 அன்று உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறுகிறதா என்று தானே கண்காணிப்பதாகவும் சொன்னது. கணக்கு கையில் இருக்கும் ஊர்கள் இப்போதே மனுப் போடுங்கள்.