குலம் என்றால்...

பிறனையும் தன்னைப் போல நேசிக்கணும் என்று இயேசு சொன்னார். இந்தப் பிறனை ஆங்கிலத்தில் 'நெய்பர்' என்கிறார்கள். நாம் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்றுதான் படித்தோம். ஆனால் பிறன் என்றால் நம்மாள் இல்லாதவரும்தான்.

திருப்பத்தூரில் 1921-ல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர் ஜேசுதாசன், இன்னொருவர் வெள்ளைக்காரர் பேட்டன். இருவரும் கல்யாணம் செய்யவில்லை. கதர் உடுத்தி, ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அப்போது நம்மை ஆண்டதே வெள்ளைக்காரர்கள்! ஆனாலும் அங்கே தமிழர்தான் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். அப்படித்தான் எல்லாரும் கூப்பிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

கிறிஸ்துகுலம் என்றால் கிறிஸ்துவின் குடும்பம். நம்ம கொங்குப் பக்கம் குலம்னா கல்யாணம் பேசறப்ப கேக்கறது. அவங்களோ வேற வேற நாட்டுக்காரங்களைச் சேத்து ஒரே குலம்னு பேர் வச்சாங்க.

இதை எங்க அம்மிச்சிகிட்டச் சொன்னேன். "ஒண்ணா உக்காந்தா உண்டாங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. அவங்க சின்ன வயசில் டீக்கடைக்குள்ள போக முடியாதாம். "நமக்கு வெளியவே கொட்டாங்குச்சியில ஊத்துவாங்க கண்ணு" என்றாங்க.