கடலோரக் காவல்

சவ்வாது மலையின் அடியிலே ஆலங்காயம் என்னும் பேரூர் இருக்கின்றது. அங்கிருந்து கடலைக் காண விரும்புவோர் நூறு கிலோமீட்டருக்கும் மிகுதியான தொலைவு கிழக்கே செல்லல் வேண்டும். அவ்வூர்க் காவல் நிலையத்தின் எல்லை யாது என்று வினவினால், ஓடை, மலைச்சரிவு, சாலைப் பிரிவு என்று விரலாற் சுட்டிக் காட்டிவிடலாம். அந்நிலையத்துக் காவலர் ஒருவர் மாற்றல் பெற்று இராமேசுவரத்துக்கோ வேதாரணியத்துக்கோ சென்று, படகேறிப் பணிபுரிய நேர்வதும் உண்டு. துறை ஒன்றே, சட்டமும் ஒன்றே. ஆயினும் அங்கே எல்லையைச் சுட்டிக் காட்ட ஓடையும் இல்லை, மரமும் இல்லை. எத்திசை நோக்கினும் நீரே தோன்றும்.

நிலத்திற் காவல் புரியும் துறையே நீரிலும் காவல் புரியும் பொருட்டுத் தமிழ்நாட்டுக் காவல்துறையில் அமைந்த பிரிவுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று பெயர். இது 1994-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது.

கடற்றுறையைக் காத்தல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்திறங்கும் பண்டங்களையும், அங்கிருந்து ஏற்றப்படும் பண்டங்களையும் சோழ அரசின் அலுவலர்கள் இரவும் பகலும் சோர்வின்றிக் காத்து, சுங்கம் கொண்டு, புலி இலச்சினை பொறித்தனர் என்னும் செய்தியைப் பட்டினப்பாலையிற் காணலாம். அன்று அஞ்சப்பட்டது பெரும்பாலும் பொருளிழப்பே. இக்காலத்தில் உயிரிழப்பும் உடன் சேர்ந்துகொண்டது.

1991-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு சிறு கூட்டத்தார் கோடியக்கரையில் இறங்கினர். அம்மாதம் 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். சதியை நிறைவேற்ற வந்தோர் கடல்வழியே வந்தனர் என்பது பின்னர் வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. இலங்கையில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்த அக்காலத்தே, படைக்கலம் தாங்கியோர் கரையேறாவண்ணம் தடுப்பதும், எரிபொருள், மருந்து முதலியன கள்ளத்தனமாகக் கடல் கடவாவண்ணம் தடுப்பதும் அக்குழுமத்தின் முதற்கடமைகளாக இருந்தன.

கடலைக் காக்கக் கடற்படை இருக்கின்றதே, காவலர் எதற்கு என்று சிலர் ஐயுறக்கூடும். கடற்படை பகை நாட்டாரொடு பொருதற்கு உரியது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற இந்தியக் கடலோரக் காவற்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்ததே. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை, அஃதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை பரந்த கடல் நாட்டின் முழு ஆட்சிக்கு உட்பட்டது. 200 கடல்மைல் வரை மீன்வளம் முதலியவற்றின் மீது நாட்டுக்கு உரிமை உண்டு. நெடுந்தொலைவு செல்லவல்ல கப்பல்கள் முதலிரு படைகளுக்கும் உண்டு. கரையையொட்டிய ஆழமற்ற நீரோ, பெருங்கலம் நுழைய இயலாதது. அதன்றியும், கடலோரக் காவற்படை ஒரு கள்ளப் படகைப் பிடித்தால், ஆளையும் பொருளையும் கரைக்குக் கொணர்ந்து காவல்துறையிடம் ஒப்படைப்பதே வழக்கம். வழக்குப் பதிதலும், சான்று திரட்டலும், நீதிமன்றத்தின்முன் நிறுத்தலும் காவலர்க்கு உரிய தொழில்கள். படகின் விரைவைக் காட்டிலும் இவ்வதிகாரமே கடற்பிரிவின் வலிமை எனல் வேண்டும்.

பிற நாடுகளிலும் இத்தகைய அமைப்பு உண்டு. பிரான்சு நாட்டிலே ழாந்தர்மெரி என்றொரு படை, படைவீரர்க்குரிய ஒழுங்கோடு குடிமக்கட்குக் காவல் புரிகின்றது. அதன் கடற்பிரிவு கடற்படைத் தலைவரின் கட்டளைக்கு உட்பட்டது. கடற்படைத் தளங்களைக் காப்பதோடு, கடலில் நிகழும் குற்றங்களைப் புலனாய்ந்து நீதிமன்றத்துக்கு அறிவிப்பதும் அதன் பணி. தமிழ்நாட்டுக் குழுமமோ படைத்துறைக்கு உட்படாமல் மாநிலக் காவல்துறையின் உறுப்பாகவே இயங்குகின்றது.

கடலோரத்தின் அருமையை நாடு முழுதும் உணரச் செய்த துயரம் 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்தது. கராச்சியிலிருந்து புறப்பட்ட பதின்மர், நடுக்கடலில் குபேர் என்னும் குசராத்து மீன்பிடி படகைக் கைப்பற்றினர். அதிலிருந்த மீனவர்கள் கொல்லப்பட்டனர். மும்பையை அணுகியதும் காற்றடைத்த சிறு படகில் மாறி, மீனவர் குடியிருப்பு ஒன்றன் அருகே இரவில் கரையேறினர். அங்கிருந்த மீனவர் சிலர் அவர்களை ஐயுற்று, யாவர் என வினவினர். வந்தவர் கடுமொழி கூறி அகன்றனர். அவ்வையம் உரியவரிடம் உரிய பொழுதில் சேர்ந்து பயன்படவில்லை. தொடர்ந்த தாக்குதலில் 166 பேர் மாண்டனர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பகைவர் ஒளிந்து வந்தது மீனவர் படகில். அவரை முதலில் ஐயுற்றோரும் மீனவரே. ஆதலின், மீனவர் அனைவரையும் ஐயக்கண் கொண்டு நோக்கும் காவலன் தன் கண்ணையே தான் குத்திக்கொள்பவன் ஆவான். அடையாள அட்டை எங்கே, பதிவெண் எங்கே என்று கேட்டல் கடமைதான். விடியற்காலையில் வலையோடு திரும்பும் களைத்த மனிதரிடம் அதனை எவ்வாறு கேட்பது என்பதில்தான் திறமை உள்ளது.

மும்பை நிகழ்ச்சிக்குப் பின் பொறுப்புகள் திருத்தி அமைக்கப்பட்டன. 2009-இல் கடற்பாதுகாப்பு முழுமைக்கும் கடற்படை பொறுப்பாக்கப்பட்டது. 12 கடல்மைலுக்கு உட்பட்ட கடலின் பாதுகாப்பை ஒருங்கிணைப்பது கடலோரக் காவற்படையின் கடமையாயிற்று. நடுவணரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற்கட்டம் 2005-ஆம் ஆண்டளவிலேயே தொடங்கியிருந்தது. அதன்வழித் தமிழ்நாட்டுக்கு 12 கடலோரக் காவல் நிலையங்களும், 2011-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 30 நிலையங்களும் கிடைத்தன. 12 டன், 5 டன் எடையுள்ள விரைவுப் படகுகள் வழங்கப்பட்டன.

படகு வந்துவிட்டமையால் மட்டும் காவல் நடந்துவிடாது. நிலத்தில் பழகிய காவலர் முதன்முறை கடலேறும்போது தலை சுழன்று வாந்தியெடுத்தல் இயல்பு. காற்றின் போக்கும் நீரோட்டமும் நிலாவுக்கேற்ப மாறும் ஏற்றவற்றமும் நூலிற் படித்து வருவன அல்ல. உப்புக் காற்று பொறியை அரிக்கும். பழுது பார்க்கும் கம்மியர் இன்றேல் விரைவுப் படகும் கரையிற் கட்டிய கட்டையே. இக்குறையை உணர்ந்தே 2018-இல் குசராத்தின் ஓகாவில் கடலோரக் காவலர்க்கென்று தேசியப் பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையிற் சேர்த்து இப்பணிக்குத் துணையாக்கியதும் பொருத்தமான செயலே. நீந்தவும் வழியறியவும் அவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

பாக் நீரிணைப் பகுதியில் இப்பணி பின்னும் கடினமானது. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டரே உள்ளது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு அலைமேல் எழுதப்பட்டதன்று. மன்னார் வளைகுடாவில் பிடிக்கத் தடைசெய்யப்பட்ட கடலட்டையும், பீடி இலையும், மஞ்சளும், கஞ்சாவும் இவ்வழியே கடத்தப்படுதலும் அவ்வப்போது பிடிபடுதலும் வழக்கமான செய்திகள்.

ஆண்டுதோறும் சாகர் கவச் என்னும் ஒத்திகை நடைபெறும். காவலருள் ஒரு சாரார் மீனவர்போல் வேடம் புனைந்து, போலி வெடிகுண்டோடு கரையேற முயல்வர். மற்றொரு சாரார் அவரைத் தடுக்க முயல்வர். வேடமிட்டோரைக் கண்டதும், இவர் நம் ஊரார் அல்லர் என்று அறியவல்லார் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரே. அத்தகையோர் உடனே செய்தி தெரிவிக்க 1093 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தால் ஏற்படுத்தப்பட்டது. நள்ளிரவில் அம்மணி ஒலித்தாலும் ஏற்பவர், எவ்விடம், படகு எந்நிறம், எத்திசை நோக்கிச் செல்கின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.