70-200 வாங்கப் போகிறீர்களா? பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

கேனன் இஎஃப் மவுன்ட்டில் 70-200 மி.மீ. எல் லென்ஸ் ஏழு வகை உண்டு. ஏழும் வெள்ளை; ஏழிலும் சிவப்பு வளையம். பழைய லென்ஸ் விற்பவர் ‘70-200 எல், நல்ல கண்டிஷன்’ என்று மட்டும் போட்டிருந்தால், அது 1995 லென்ஸா 2018 லென்ஸா என்று தெரியாது. விலையைத் தீர்மானிப்பது பெயரின் பின்பாதிதான். பணம் கொடுப்பதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் 1:2.8-ஆ, 1:4-ஆ என்று பாருங்கள். லென்ஸின் மேல் துளை அளவை இப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். 2.8-இல் நான்கு: ஐஎஸ் (கை ஆட்டத்தை அடக்கும் வசதி) இல்லாதது (1995), ஐஎஸ் (2001), ஐஎஸ் இரண்டு (2010), ஐஎஸ் மூன்று (2018). 4-இல் மூன்று: ஐஎஸ் இல்லாதது (1999), ஐஎஸ் (2006), ஐஎஸ் இரண்டு (2018). இரண்டும் மூன்றும் ரோமன் எண்ணாக, ஐஎஸ் என்ற எழுத்துகளை அடுத்து நிற்கும்.

2. பக்கவாட்டு ஸ்விட்சுகளை எண்ணுங்கள். இரண்டே இருந்தால் ஐஎஸ் கிடையாது. நான்கு இருந்தால் ஐஎஸ் உண்டு.

3. 2.8 லென்ஸ் என்றால், ஃபோகஸ் தூர ஸ்விட்சின் எண்ணைப் படியுங்கள். 1.5 மீட்டர் என்றிருந்தால் 1995 லென்ஸ், 1.4 என்றால் 2001; 1.2 என்றால் 2010 அல்லது 2018. பெயர் தேய்ந்திருந்தாலும் இந்த எண் காட்டிக்கொடுக்கும். ஸ்விட்சுகளை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

4. ஃபில்டர் அளவைக் கேளுங்கள். 2.8 நான்குக்கும் 77 மி.மீ. 4-இல் முதல் இரண்டுக்கு 67, 2018-இல் வந்ததற்கு 72. 2006-க்கும் 2018-க்கும் குழப்பம் வந்தால் இந்த ஒரு எண் போதும்.

5. அந்த லென்ஸில் எடுத்த ஒரிஜினல் படக் கோப்பை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் லென்ஸின் பெயர் அதில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

6. நேரில் உங்கள் கேமராவில் மாட்டிப் பாருங்கள். 200-இல் வைத்து, ஷட்டரை 1/25 வினாடிக்கு இறக்கி, ஐஎஸ் போட்டுச் சில படம், அணைத்துச் சில படம் எடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தியதும் வ்யூஃபைண்டரில் ஆடிக்கொண்டிருந்த காட்சி சட்டென்று நிலைக்க வேண்டும். பிறகு டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

7. 2.8 வாங்கினால் டிரைபாட் காலரைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக விற்கும்போது அது லென்ஸோடு சேர்ந்தே வந்தது. 4 வகைக்குத் தனியாக வாங்க வேண்டியது.

செய்யக்கூடாதவை

1. ‘மார்க் டூ’ என்று வாயால் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐஎஸ் இரண்டு என்ற பெயர் 2.8-இலும் உண்டு, 4-இலும் உண்டு. ஒன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மற்றது 780 கிராம்.

2. 2.8-இல் மூன்றாவது பதிப்பு என்பதற்காகவே பெரிய தொகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். 2010 லென்ஸின் அதே கண்ணாடி அமைப்புதான் அதிலும். மாறியது முக்கியமாகக் கோட்டிங்; வெள்ளை நிறமும் சற்று மாறியது. எதிர்வெளிச்சத்தில் அதிகம் எடுப்பவருக்குத்தான் அந்த வித்தியாசம் பயன்படும்.

3. ஐஎஸ் இருந்தால் எல்லாப் படமும் தெளிவாக வரும் என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் அடக்கும். தாலி கட்டும் கை அசைந்தால் அந்த அசைவு படத்தில் விழும். அங்கே வேண்டியது வேகமான ஷட்டர். 2.8 லென்ஸ் 4-ஐப்போல் இரு மடங்கு வெளிச்சம் விடுவதால் அந்த வேகம் கிடைக்கும்.

4. ஐஎஸ் இல்லாத இரண்டையும் மழையில் நம்பாதீர்கள். மவுன்ட்டில் ரப்பர் வளையம் அவற்றுக்குக் கிடையாது.

5. 4 லென்ஸை 2 மடங்கு எக்ஸ்டெண்டரோடு சேர்த்து வாங்கத் துணியாதீர்கள். துளை எஃப்/8 ஆகிவிடும். பல டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோஃபோகஸ் நின்றுபோகும்.

6. கேனனின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 70-200-ஐ இந்த இஎஃப் லென்ஸ்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இஎஃப் லென்ஸ் அடாப்டர் வைத்தால் ஆர்எஃப் பாடியில் வேலை செய்யும். ஆர்எஃப் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் ஏறவே ஏறாது.

7. 2001 ஐஎஸ் லென்ஸை விலை குறைவு என்று அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐஎஸ் பகுதி பழுதானால் உதிரி பாகம் கிடைக்குமா என்று முதலில் சர்வீஸ் கடையில் விசாரியுங்கள்.

மண்டபத்துக்குள் தொழில் செய்பவருக்கு என் பரிந்துரை 2.8 ஐஎஸ் இரண்டு. பயணத்துக்கும் பகல் வெளிச்சத்துக்கும் 4 ஐஎஸ் போதும், தோளும் தாங்கும். பணம் குறைவு, டிரைபாட் பழக்கம் உண்டு என்றால் ஐஎஸ் இல்லாததையே தைரியமாக வாங்கலாம். ஆனால் அதை அதன் விலைக்கு வாங்குங்கள். அடுத்த பதிப்பின் விலைக்கு அல்ல.